நவம்பர் முதல் நாள்

ஆண்டுகள் சென்றொழியினும் நாட்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோருள், அது தெய்வச் செயலென்று வியப்பாரும் உளர். வெறுந் தற்செயலென்று தள்ளுவாரும் உளர். இரண்டும் ஆராய்ச்சியாகா. நம் குற்றாலத்திற்கு அருகே நிகழ்ந்ததொன்றையும் உட்கொண்ட நவம்பர் முதல் நாளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

1755-ஆம் ஆண்டு அந்நாட் காலையில், போர்த்துக்கல் தேசத்துத் தலைநகராகிய லிஸ்பனில், திருநாள் வழிபாட்டிற்கெனக் கிறித்தவர்கள் கோயில்களிற் கூடியிருந்தபோது நிலம் நடுங்கிற்று. கடல் பொங்கி உட்புகுந்தது, தீயும் பரவிற்று. பல்லாயிரவர் மாண்டனர். இந்நாளைத் தேர்ந்தவர் ஒருவருமிலர்.

பின்வரும் மூன்றும் அத்தகையன அல்ல. மாந்தர் குறித்த நாளில் நிகழ்ந்தவை.

1858-இல் அலகாபாத்தில் கானிங் பிரபு, விக்டோரியா ராணியாரின் பிரகடனத்தை வெளியிட்டார். கம்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி தொடங்கிற்றென்பது அதனால் யாவர்க்கும் அறிவிக்கப்பட்டது. சமயங்களில் தலையிடோம் என்றும், இனமும் சமயமும் பாராது தகுதியுடையார்க்கு உத்தியோகம் அளிப்போம் என்றும் அது வாக்களித்தது. ஆயினும் உயர்பதவிகள் நெடுங்காலம் ஆங்கிலேயர் கையிலேயே நின்றன.

1954-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தனர். அதற்கு முன் அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர்.

இனி நம் பகுதிக்கு வருவாம். குற்றாலமும் தென்காசியும் திருநெல்வேலி ஜில்லாவில் இருக்க, சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1904-இலேயே மலையைக் குடைந்து கொல்லத்தையும் நம் பகுதியையும் இணைத்தது இருப்புப்பாதை. அரசுகளின் எல்லையோ இடையே நின்றது. பேச்சும் உறவும் கொள்வினை கொடுப்பினையும் ஒன்றாயிருந்தும் ஆட்சி வேறாயிருந்தது. 1956 நவம்பர் முதல் நாளன்று, மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி, செங்கோட்டை திருநெல்வேலி ஜில்லாவிற் சேர்ந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன.

மாதத்தின் முதல் நாளைக் குறித்தது, கணக்கும் பதிவேடும் மாற்றுதற்கு எளிதென்பது பற்றியாகலாம். எனின், அந்நாளுக்குப் பெருமை எங்ஙனம் வந்தது? அதற்கு முன் சென்ற நாட்களால் வந்தது. மார்ஷல் நேசமணி முதலியோர் முன்னின்று நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டுபட்டு மாண்டார் பலர். தமிழ்நாடு என்னும் பெயர் முதலியன வேண்டி உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13-இல், எல்லை அமைவதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன், உயிர் துறந்தார். அப்பெயருக்கான தீர்மானம் 1967 ஜூலை 18-இல் சட்டசபையில் நிறைவேறிற்று.

இதனாலன்றோ, நவம்பர் முதல் நாளா, ஜூலை 18-ஆ, எது தமிழ்நாடு நாளெனப் பின்னர் வழக்கெழுந்தது! அரசு 2021-இல் ஜூலை 18-ஐ அறிவித்தது. அது பெயர் பெற்ற நாள். இது உடல் அமைந்த நாள். ஒன்றைப் போற்றுதற்கு மற்றொன்றை மறக்க வேண்டுவதில்லை. எல்லையோரத்தே வாழும் நமக்கோ பின்னது மறக்கற்பாலதன்று. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டையும் அதில் அடங்கிற்று. அது முன்னர் வேற்றரசின் நிலமாயிருந்ததென்பதை நம் சிறுவர் பலர் அறியார்.

ஆதலின் பெற்றோரே! பிள்ளைகள் தேதியை ஒப்புவிக்குங்கால், "அன்று நிகழ்ந்தது யாது?" என்பதோடு நில்லாது, "அந்நாள் வருதற்கு யார் யார் என்ன கொடுத்தனர்?" என்றும் வினவுங்கள். அவ்வினாவிற்கு விடை தேடுவதே சரித்திரம் கற்றல் ஆகும்.