கேம்பர்வேன் வாங்கும் முன் அளவைப் பாருங்கள்

சக்கர நாற்காலியில் இருக்கும் பெற்றோரையும் பயணத்திற்கு அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்கள், கேம்பர்வேனின் உயரத்தையே முதலில் கவனிக்க வேண்டும்.

சாதாரணக் கூரை கொண்ட டொயோட்டா ஹையேஸ் வேன் சுமார் 4.7 மீட்டர் நீளமும் 1.98 மீட்டர் உயரமும் உடையது. பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடங்களில் உயர வரம்பு பெரும்பாலும் 2 முதல் 2.1 மீட்டர்தான். கூரையில் சூரிய மின்தகடோ குளிர்சாதனமோ பொருத்தினால் அந்த வேனும் நுழைவது சிரமம்.

5.38 மீட்டர் நீளமுள்ள உயர்கூரை வேனில் நோயாளியைக் கவனிக்க இடம் தாராளம். ஆனால், அதைத் திறந்த வெளியில்தான் நிறுத்த முடியும்.

சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருந்தால் பாதுகாப்பு. வேனின் தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 7 மீட்டருக்கும் மேல் நீளமான சாய்தளம் தேவை. அது நடைமுறைக்கு ஒவ்வாது, மின்தூக்கியே ஏற்றது. மின்தூக்கி பின்பக்கம் இருந்தால், அது இறங்கவும் நாற்காலி திரும்பவும் பின்னால் இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

வீட்டு வாசல், தோட்டச் சாலை, கோயில், மருத்துவமனை ஆகிய இடங்களை அளந்து பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள். வாகன அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி அவசியம்.