அரண்மனை பாண்டும் நாகஸ்வர விரல்களும்

மைசூரு மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாருக்கு எட்டு வாத்தியங்கள் வாசிக்கத் தெரியும் என்பது அந்நகரில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், சிதார், பியானோ ஆகியவற்றுடன் நாகஸ்வரமும் சாக்ஸபோனும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒன்று கோயில் வாசலில் வளர்ந்தது. மற்றது ஐரோப்பியப் பட்டாளத்து பாண்டில் வளர்ந்தது. இரண்டும் அந்த அரண்மனையில் பக்கத்துப் பக்கத்தில் ஒலித்தன.

அரண்மனையில் மேற்கத்திய இசைக்கென்றே ஒரு பாண்டு இருந்தது; ஜெர்மானியரான ஓட்டோ ஷ்மிட் அதை நடத்தியிருக்கிறார். அடுத்து வந்த ஜயசாமராஜ உடையார் 1948இல் லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவராகும் அளவுக்கு அந்த இசையில் தோய்ந்தவர். மன்னராட்சி போனபின் பாண்டு மாநிலக் காவல்துறையிடம் வந்தது. தசராவுக்கு இன்றும் வாசிக்கிறது.

தமிழ்நாட்டில் கதை வேறு வழியில் நடந்தது. அங்கே முதலில் கால் ஊன்றியது கிளாரினெட். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நடனக் குழுவான சின்ன மேளத்துக்குள் நுழைந்து, அதில் ஒலித்த சிறிய குழல் கருவியான முகவீணையின் இடத்தைப் பிடித்தது. அதைக் கொண்டுவந்தவராக மகாதேவ நட்டுவனாரைச் சொல்வார்கள். நடன மேடையிலிருந்து தனிக் கச்சேரி வரை அதை உயர்த்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். தந்தை சின்னிகிருஷ்ண நாயுடு கிளாரினெட் வித்வான். மகனோ இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகஸ்வரமும் கற்றார். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தை அவருக்குத் தந்தவர் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை.

நாகஸ்வரம் பழகிய கை கிளாரினெட்டுக்கு மாறுவது எளிதல்ல. காரணம் குழலின் உள்வடிவம். நாகஸ்வரத்தின் உள் துளை மேலே குறுகி, கீழே போகப்போக விரியும் கூம்பு. ஊதும் அழுத்தத்தைக் கூட்டினால் ஸ்வரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவும். மத்ய ஸ்தாயியில் ரிஷபத்துக்கு வைத்த விரல்தான் தார ஸ்தாயியிலும் ரிஷபத்துக்கு. கிளாரினெட்டின் துளை பெரும்பாலும் ஒரே அகலமான உருளை. ஒருமுனை நாணலால் மூடியதுபோல் நடந்துகொள்வதால் அது ஒரு ஸ்தாயியில் நிற்காமல், இன்னொரு பஞ்சமமும் சேர்த்துத் தாவும். சட்ஜத்துக்கு வைத்த விரல், கட்டைவிரல் சாவியைத் திறந்ததும், மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தரும். இரண்டு ஸ்தாயிகளுக்கும் இரண்டு விரலடியாகப் பாடம் செய்ய வேண்டும்.

இதைவிடக் கடினம், இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடம். கீழ்ப்பகுதியின் உச்சியில் ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கும். அடுத்த ஸ்வரத்துக்கு எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மூட வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் ஒலி கீச்சிடும். மேற்கத்திய இசையில் அது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு தாவல். தோடி ராகத்தில் காந்தாரத்தை அசைத்துக்கொண்டே அந்த இடத்தைக் கடக்க வேண்டியவருக்கு அது இசையையே அறுக்கும் வெட்டு. ஏ.கே.சி.யின் வாசிப்பில் அந்தத் தையல் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய பெரிய சாதனை என்று சொல்லத் தோன்றுகிறது.

கருவி பெரிதானால் சிக்கல் வேறு வகை. பாஸ் கிளாரினெட்டின் துளைகளுக்கு விரல் எட்டாது, எட்டினாலும் மூடாது. அதனால் எல்லாம் மெத்தை வைத்த மூடிகள், சாவிகள். ஸ்தாயி மாற்றும் சிறுதுளை ஒன்று போதாமல் இரண்டாவதும் தேவைப்பட்டது. சிறிய கிளாரினெட்டைக் கவ்வுவதுபோல் கவ்வினால் அகலமான நாணல் அடைத்துக்கொள்ளும். உதட்டைத் தளர்த்தி, நிறையக் காற்றை நிதானமாக அனுப்பக் கற்க வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1838இல் இந்த பாஸ் கிளாரினெட்டைத்தான் செம்மைப்படுத்தினார். பிறகு ஒற்றை நாணலை அப்படியே வைத்துக்கொண்டு குழலைக் கூம்பாக்கினார். 1846இல் அவர் உரிமம் பெற்ற சாக்ஸபோன், நாகஸ்வரத்தைப் போலவே ஒரு ஸ்தாயி தாவுகிறது.

தட்சிண கன்னடத்தின் பண்ட்வால் பகுதியில் 1949இல் பிறந்த சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்துக்கு, அந்தக் கருவியைத் தேர்ந்தபோது இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தந்தை தனியப்பா நாகஸ்வரக் கலைஞர். இளவயதில் மைசூரு அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்ட மகன் அதையே பிடித்துக்கொண்டார். தந்தையிடம் பெற்ற நாகஸ்வரப் பயிற்சி இங்கே வீணாகவில்லை. ஸ்தாயி தாவும்போது ஸ்வரத்தின் விரல் பெரும்பாலும் மாறவில்லை.

ஆனால் நாகஸ்வரத்தில் பாதித் துளையை விரலால் மறைத்துக் கமகம் எடுக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே மூடி இருக்கிறது. விரல் செய்த வேலையில் பெரும்பங்கை உதடும் மூச்சும் ஏற்க வேண்டும். கருவியிலும் தம் தேவைக்கேற்பச் சில மாற்றங்கள் செய்துகொண்டார் கத்ரி. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் கற்றார். சாக்ஸபோனை வசப்படுத்தச் சுமார் 20 ஆண்டுகள் ஆயின என்பார்கள். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரைக் கேட்டு, அவருடன் சேர்ந்து வாசித்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசியின் ப்ராம்ஸ் இசைவிழாவில் கத்ரி வாசித்தார். அதே ஆண்டு அவர் வாசித்த ‘டூயட்’ படத்தின் வழியே அந்தக் கருவி தமிழ்நாட்டின் வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.