இரயில் பார்க்க எங்கே நிற்பது?

அரபு மொழியில் இரயில் வண்டிக்குக் ‘கிதார்’ என்று பெயர். இருப்புப் பாதை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அச்சொல் வழங்கி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிணைக்கப்பட்டுச் செல்லும் ஒட்டகை வரிசையையே அது அந்நாளில் குறித்தது. வரிசையின் அழகு அதனுள் செல்பவனுக்குத் தெரியாது. வெளியே நின்று நோக்குபவனுக்கே தெரியும்.

ஆரணி நகருக்குள் இருப்புப் பாதை இல்லை. விழுப்புரம்–காட்பாடிப் பாதையில், களம்பூரை ஒட்டி, ‘ஆரணி ரோடு’ என்றொரு நிலையம் உண்டு. ஒரு நிலையத்தின் பெயரில் ‘ரோடு’ ஒட்டியிருப்பின் ஊர் அப்பால் இருக்கிறது என்பது பொருள். ஆகவே பட்டு வணிகத்தின் பொருட்டோ மருத்துவத்தின் பொருட்டோ ஆரணியிலிருந்து சென்னைக்குச் செல்வோர், உடன் வரும் பிள்ளைகளுக்கு இரயில் காட்டவும் சிறிது பொழுது ஒதுக்குதல் தகும். எங்கே காட்டுவது? பலரும் சென்ட்ரலையே சொல்வர். நாமோ இராயபுரத்தை முதலில் சொல்வோம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. அது சென்றடைந்த இடம் வாலாஜா ரோடு. ஆரணிக்கு வடக்கே உள்ள நம் பக்கத்து ஊர். கர்நாடக நவாபு முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாப்பேட்டையே அந்நிலையத்திற்குப் பெயர் தந்தது. அவ்வழியில் வந்த கடைசி நவாபு குலாம் முஹம்மது கவுஸ் கான் 1855 அக்டோபரில் மகப்பேறின்றி மறைந்தார். அதையே காரணமாக்கி ஆங்கிலேயக் கும்பினியார் நவாபுப் பட்டத்தை ஒழித்தனர். பட்டம் போய் ஒன்பது மாதம் நிறைவதற்குள், நவாபின் பழைய சீமைக்குள் அவர்களுடைய இரும்பு வண்டி நுழைந்தது! ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நாம் கூறவில்லை. பாதை போடும் பணி முன்னரே தொடங்கியாயிற்று; அதன் குறி மேற்குக் கடற்கரை. 1862இல் மலபாரின் பேப்பூரை அது எட்டியது. ஆயினும் இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்காதவன் இராயபுரத்துத் தூண்களைப் பார்த்தும் பாராதவனே. இந்நாட்டில் இன்னும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே. கூட்டம் குறைவு, துறைமுகத்துச் சரக்கு வண்டிகள் மெல்ல ஊர்ந்து செல்லும், பெட்டிகளைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது எழும்பூர். அக்கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. அதன் குவிமாடங்களைக் கண்டு பள்ளிவாசலோ என்று ஐயுறும் குழந்தைகள் உண்டு. ஐரோப்பியர் அப்பாணிக்கு ‘இந்தோ–சாரசனிக்’ என்று பெயரிட்டனர். சாரசனர் என்பது அவர்கள் பண்டு முஸ்லிம்களை அழைத்த சொல்லன்றோ! அதே 1908இல்தான் திமிஷ்கிலிருந்து புறப்பட்ட ஹிஜாஸ் இருப்புப் பாதை மதீனா முனவ்வராவை அடைந்தது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது எடுத்த அப்பணிக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினர். ஏறத்தாழ நாற்பது நாள் ஒட்டகை வழி சில நாட்களாய்ச் சுருங்கிற்று. ‘கிதார்’ என்ற சொல் பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்கு மாறியதை அங்கே கண்ணாலேயே கண்டிருப்பர். முதல் உலகப் போரில் பாதை சிதைந்தது. மதீனா நிலையம் இன்று அருங்காட்சியகம். அப்பாதையின் அகலம் 1,050 மில்லிமீட்டர். எழும்பூரிலும் ஆரணி ரோட்டிலும் முன்பு இருந்த மீட்டர் பாதையைவிட ஐந்து சென்டிமீட்டரே மிகுதி.

ஃபஜ்ருத் தொழுகை முடித்து எழும்பூருக்குச் சென்றால், தென் மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த விரைவு வண்டிகள் அடுத்தடுத்து நுழைவதைக் காணலாம். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொள்க. மேடையின் விளிம்பிலிருந்து விலகி, சுமை கொண்டு செல்வோருக்கு வழிவிட்டு நிற்க. தண்டவாளத்தில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையும் ஆயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெரம்பூர்ப் பக்கத்து இரயில் அருங்காட்சியகத்தைச் சிலர் பரிந்துரைப்பர். நன்று, ஆனால் அங்குள்ள பழைய இயந்திரங்கள் நிற்பவை. ஓடுவதைக் காணவன்றோ பிள்ளைகள் வந்தனர்!

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குப் புதுப்பாதை அமைக்க 2006–07இல் ஒப்புதல் கிடைத்தது. பணி இன்னும் முடிந்தபாடில்லை. அது முடியும் வரை, சென்னை செல்ல இயலாத பிள்ளைகளுக்குக் களம்பூர் நடைமேடை இருக்கிறது.