எழுதிய விலையும் கிடைத்த விலையும்

ரெட்டியார்பாளையத்திலிருந்து லாஸ்பேட்டை வெகு தூரமில்லை, சைக்கிளிலேயே போய்விடலாம். அந்தப் பேட்டையில் குடியிருக்கும் ஜனங்களில் எத்தனை பேருக்கு, பெயரின் முன்பாதியில் இருக்கும் 'லா' என்பவர் யார் என்று தெரியுமோ! நஷ்டத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற வார்த்தை போல அது காதில் விழுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாதுதான். ஆனாலும் கதையைக் கேட்டால், அடியோடு சம்பந்தமில்லை என்று சொல்ல மனம் வராது.

ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு கவர்னர் 1765-ல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடமிருந்து திரும்பப் பெற வந்தார். அவர் பெயரால் வந்ததுதான் லாஸ்பேட்டை என்பார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லா, ஸ்காட்லாந்துக்காரர், பொற்கொல்லர் மகன், கணக்கில் புலி. சூதாட்ட மேஜையில் எந்தச் சீட்டு விழ எத்தனை வாய்ப்பு என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போடக்கூடியவர். லண்டனில் ஒரு துவந்த யுத்தத்தில் ஆளைக் கொன்றுவிட்டு ஓடியவர், சில காலம் கழித்துப் பிரான்சின் கஜானாவையே கையில் வாங்கிக்கொண்டார் என்றால், நாவலில் எழுதினால்கூட நம்ப மாட்டார்கள். 1716-ல் பாரிஸில் ஒரு வங்கி, 1717-ல் அமெரிக்க வியாபாரத்துக்கு ஒரு கம்பெனி என்று ஆரம்பித்தார். 1719-ல் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியையும் அதோடு சேர்த்துக் கரைத்துவிட்டார். அந்த நாளிலிருந்து நம் புதுச்சேரியும் அவர் கம்பெனியின் சொத்துக் கணக்கில் ஒரு வரி ஆகிவிட்டது.

பாரிஸில் கேன்காம்புவா என்று ஒரு குறுகலான தெரு. அங்கேதான் பங்கு வியாபாரம். 500 லீவ்ர் முகமதிப்புள்ள பங்கு 1719 முடிவதற்குள் 10,000 லீவ்ரை எட்டியது. பிரபுவும் பிரபுவின் வண்டிக்காரனும் ஒரே நெரிசலில் நின்று வாங்கினார்கள். பிறகு விலை தளும்ப ஆரம்பித்ததும், 1720 மார்ச்சில், பங்கின் விலை 9,000 லீவ்ர் என்று சட்டமே போட்டுவிட்டார் லா. யார் கொண்டுவந்தாலும் வங்கி அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும்!

கவனியுங்கள். அந்த மாதங்களின் விலைப் பட்டியலை இன்று ஒருவன் எடுத்து வைத்துக்கொண்டு, 'நான் 9,000-க்கு விற்றிருப்பேன்' என்று எழுதினால் அது பொய்யாகாது. விற்றிருக்கலாம். ஆனால் கையில் கிடைத்திருப்பது வங்கி அச்சடித்த காகிதம். மே மாதம் அந்தக் காகிதத்தின் மதிப்பையே படிப்படியாகப் பாதியாக்குவதாக ஓர் உத்தரவு பிறந்தது. ஜூலையில் காகிதத்தைக் காசாக மாற்றிக்கொள்ள வங்கி வாசலில் கூடிய நெரிசலில் மனிதர்கள் நசுங்கிச் செத்தார்கள். டிசம்பரில் லா நாட்டை விட்டே ஓடிப்போனார்; 1729-ல் வெனிஸில் காலமானார்.

இந்தப் பழங்கதையை நான் தூசி தட்டி எடுக்கக் காரணம் எங்கள் தெருப் பையன் ஒருவன்.

எஞ்சினீரிங் படித்தவன், நல்ல பிள்ளை. அவன் தகப்பனார் முப்பது வருஷம் ஆலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடியபோது வந்த தொகையை வங்கியில் போட்டுவிட்டு, வட்டியை எண்ணிக்கொண்டிருந்தார். பையன் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதினான். பங்குச் சந்தையின் பதினைந்து வருஷத்து விலைகளை அதில் ஊட்டி, 'இன்ன அடையாளம் தெரிந்தால் வாங்கு, இன்ன அடையாளம் தெரிந்தால் விற்றுவிடு' என்று ஒரு விதியையும் கொடுத்தால், அந்த விதிப்படி அப்போதே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அது கணக்குச் சொல்லும். 'பேக்டெஸ்ட்' என்று இதற்குப் பெயர். "சார், ஒரு லட்சம் முப்பத்தெட்டு லட்சம் ஆகுது" என்றான். திரையில் ஒரு கோடு திருவண்ணாமலை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரியவர் வந்தார். "தம்பி, நீங்க புஸ்தகம் எழுதுறவரு. அவன் சொல்றது சரியா? பணத்தை எடுத்துக் குடுன்றான்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பாத்திரம் ஏதாவது செய்தால், எதிரே இருக்கிற பாத்திரம் என்ன செய்தது என்று தெரியாமல் பேனா நகராது. அதனால் பையனைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டேன்: "நீ வாங்கினாய், சரி. உனக்கு விற்றவன் யார்?"

அவன் முழித்தான். புரோகிராமில் விற்றவன் இல்லை. விலை மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாத காலம் மாலை வேளைகளில் நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் அந்த விற்றவனைப் பற்றித்தான். எனக்கும் இது புது விஷயமாக இருந்ததால் சுவாரசியமாகத்தான் இருந்தது.

பம்பாயில் 1850-களில் தரகர்கள் ஆலமரத்தடியில் கூடி வியாபாரம் செய்தார்கள். 1875-ல் சங்கம் வைத்தார்கள். அதிலிருந்து 1995 வரைக்கும், எதிரே நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துக் கூவித்தான் பங்கை வாங்க வேண்டும், விற்க வேண்டும். விற்கிறவன் தயங்கினால் கண்ணில் தெரியும். 1994-ல் தேசியப் பங்குச் சந்தை திரையைக் கொண்டுவந்தது. மறு வருஷம் பம்பாய்ச் சந்தையும் அதே வழிக்கு வந்தது. முகங்கள் மறைந்து இரண்டு வரிசைகள் வந்தன: வாங்குகிறவர்கள் ஒரு வரிசை, விற்கிறவர்கள் ஒரு வரிசை. வாங்கும் பக்கத்தில் அதிக விலை சொன்னவன் முன்னால். விற்கும் பக்கத்தில் குறைந்த விலை சொன்னவன் முன்னால். ஒரே விலையானால் முதலில் வந்தவன் முன்னால். ரேஷன் கடை நியாயம்தான்.

இப்போது பையனின் கணக்கைப் பாருங்கள். ஒரு பங்கு அன்றைக்கு 98 ரூபாய் வரைக்கும் இறங்கியது. 98-க்கு லிமிட் ஆர்டர் போட்டிருந்ததாகப் பாவித்து, இவனுடைய 500 பங்கும் கிடைத்துவிட்டதாக எழுதிக்கொள்கிறது புரோகிராம். ஆனால் 98-ல் அன்று கை மாறியது ஐம்பதே பங்காக இருக்கலாம். வரிசையில் இவனுக்கு முன்னால் மூவாயிரம் பங்குக்கு ஆட்கள் நின்றிருக்கலாம். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, போ என்று சொல்லியிருப்பார்கள். விலை 98-க்கும் கீழே இறங்கினால்தான் 98-ல் நின்றவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். அதிலும் ஒரு விபரீதம் இருக்கிறது. ஏறப்போகிற பங்கு கிடைக்காமல் நழுவிப்போகும். இறங்கிக்கொண்டே இருக்கிற பங்கு மட்டும் கேட்ட அளவு தாராளமாகக் கிடைக்கும்!

'லிமிட் வேண்டாம், கிடைத்த விலைக்கு வாங்கிவிடுகிறேன்' என்றால் அதற்கும் கூலி உண்டு. முதல் ஐம்பது பங்கு ஒரு விலை, அடுத்த நூறு அதற்கு மேல், அடுத்தது இன்னும் மேல் என்று வரிசையைத் தின்றுகொண்டே போக வேண்டும். நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இந்த இடைவெளியை 'ஸ்லிப்பேஜ்' என்கிறார்கள். வழுக்கல் என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் கால் ரூபாய் வழுக்கினால், வருஷத்துக்கு இருநூறு தடவை வாங்கி விற்கிறவன் எங்கே போய் விழுவான்? தரகு, முத்திரை வரி, 2004-ல் வந்த பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் அதற்கு மேலே.

இன்னொரு வேடிக்கை. 100 ரூபாய்க்கு வாங்கி, 105 வந்தால் லாபத்தோடு விற்பது, 95 வந்தால் நஷ்டத்தோடு தப்புவது என்று விதி. அன்றைய குறிப்பில் நான்கே எண்கள்: ஆரம்பம், உச்சம், தாழ்வு, முடிவு. உச்சம் 106, தாழ்வு 94. எது முதலில் வந்தது? அந்த நான்கு எண்களைத் தலைகீழாக நின்று பார்த்தாலும் தெரியாது. பையனின் புரோகிராம் எப்போதும் 105 முதலில் வந்ததாக வைத்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையல்லவா, தகப்பனுக்குச் சாதகமாகத்தானே பேசும்!

முடிவு விலை சமாசாரம் இதைவிட மோசம். சாயங்காலம் முடிவு விலையைப் பார்த்து, 'வாங்கு' என்று தீர்மானித்து, அதே முடிவு விலைக்கு வாங்கியதாக எழுதியிருந்தான். சந்தை மூடிய பிறகு யாரிடம் வாங்குவது? போதாததற்கு, நம் சந்தைகளில் முடிவு விலை என்பது பல்லாண்டுகளாகக் கடைசி அரைமணி நேரத்து வியாபாரத்தின் சராசரியாகவே இருந்து வந்திருக்கிறது. சரியாக அந்த விலைக்கு ஒரு பங்குகூடக் கை மாறாமலே போயிருக்கலாம்.

சாதாரண நாட்களின் கதையே இப்படி. அசாதாரண நாட்களும் உண்டு. 2009 மே 18, திங்கட்கிழமை. சனிக்கிழமையன்று தேர்தல் முடிவு வந்திருந்தது. சந்தை திறந்த சில விநாடிகளில் மேல் வரம்பைத் தொட்டு வியாபாரம் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்ததும் மறுபடியும் தாவியது. அன்றைக்கு அவ்வளவுதான், கடையை அடைத்துவிட்டார்கள். சென்செக்ஸ் 2,110 புள்ளி ஏற்றம்! மொத்தத்தில் ஒரு நிமிஷம் வியாபாரம் நடந்திருந்தால் அதிகம். பையனின் புரோகிராம் அன்று காலை சாவகாசமாக வாங்கியிருந்தது.

அதே வருஷம் ஜனவரி 7. சத்யம் கம்பெனியின் தலைவர் கணக்கில் பொய் சொன்னதாகத் தாமே கடிதம் எழுதிவிட்டார். முதல் நாள் 179 ரூபாய்க்கு முடிந்த பங்கு, அன்று 40 ரூபாயில் வந்து நின்றது. 170-ல் 'ஸ்டாப் லாஸ்' வைத்திருந்தவனுக்கு 170 கிடைத்திருக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அந்தச் சரிவில் 170-க்கு வாங்க யார் கையேந்தி நின்றார்கள்? 2012 அக்டோபர் 5-ஆம் தேதி ஒரு தரகர் கடையிலிருந்து தவறாகப் போன 59 ஆர்டர்கள், சுமார் 650 கோடி ரூபாய்க்கு, எதிர்வரிசையை வழித்தெடுத்து நிஃப்டியைக் கண நேரத்தில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் கீழே தள்ளின. வரிசையில் ஆள் இல்லாவிட்டால் விலை எங்கே போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பையன் எல்லாவற்றையும் திருத்தி எழுதினான். மறுநாள் காலை விலைக்கே வாங்குவது. அன்று நடந்த வியாபாரத்தில் சிறு பங்குக்கு மேல் கேட்காமலிருப்பது. சந்தேகம் வந்தால் நஷ்டமே முதலில் வந்ததாக வைத்துக்கொள்வது. வழுக்கலும் வரியும் கழிப்பது. திருவண்ணாமலை கரைந்து பெண்ணையாற்று மணல் ஆகிவிட்டது. ஒரு லட்சம் ஒரு லட்சமாகக்கூட மிஞ்சவில்லை. பெரியவரின் பணம் வங்கியிலேயே இருக்கிறது. ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் அப்படி முடிவதில்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், பங்கு வாயிதா, ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் கண்டிருக்கிறது. வியாபாரச் செலவாக மட்டும் சுமார் 50,000 கோடி போயிருக்கிறது.

இத்தனை பேச்சிலும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தவர் நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்ஸின் துபாஷி, வியாபாரி, சொந்தக் கப்பல் வைத்திருந்தவர். 1736 செப்டம்பரில் ஆரம்பித்துக் கால் நூற்றாண்டு தினப்படி சேதிகளை எழுதி வைத்தார். ஆர்டர் என்பது வேறு, சரக்கு என்பது வேறு என்று அவருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி வர்த்தகர்களுக்கு முன்பணம் கொடுத்து இத்தனை கட்டு துணி என்று ஒப்பந்தம் போடும். கிடங்குக்கு வந்து சேர்வது அதில் ஒரு பகுதி. பரிசோதனையில் கழித்துத் தள்ளுவது ஒரு பகுதி. மிச்சம் கப்பல் புறப்படுவதற்குள் வந்தால் உண்டு.

ஆனால் நான் அதிகமாக வியப்பது வேறொன்றை. பிள்ளை அன்றன்று தெரிந்ததைத்தான் அன்றன்று எழுதினார். ஐரோப்பியச் சேதி கப்பலேறி வர ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். 1748-ல் ஆங்கிலேயர் இந்த ஊரை முற்றுகையிட்டுப் பீரங்கி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் கையெழுத்தே ஆயிற்று. இங்கே யாருக்குத் தெரியும்? 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னப்பட்டணம் அந்த உடன்படிக்கையின்படி 1749-ல் திரும்ப ஆங்கிலேயரிடம் போயிற்று. இன்று சரித்திர புஸ்தகம் படிக்கிற நமக்கு இரண்டும் அடுத்தடுத்த வரிகள். 1747-ல் உட்கார்ந்து எழுதியவருக்கு 1749 கிடையாது. பழைய விலைகளை வைத்து வித்தை காட்டுகிற எந்தப் புரோகிராமும் இந்த நாணயத்தைக் கடைப்பிடிப்பது கஷ்டம். நாளைய எண்ணும் பக்கத்திலேயே கிடக்கிறதே!

பிள்ளை 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன அந்த நாட்களிலேயே, காலமானார். அதன்பின் கோட்டையைத் தரைமட்டமாக இடித்தார்கள். நான்கு வருஷம் கழித்து, சீட்டுக் கணக்கில் புலியான அந்த ஜான் லாவின் தம்பி மகன் வந்து இடிபாடுகளுக்கு நடுவே ஊரைத் திரும்ப எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். இவை எதுவும் பிள்ளையின் ஏட்டில் இல்லை.