கொரியரும் நாமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் மலையை வலம் வந்துகொண்டிருந்தேன். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அடி அண்ணாமலையை நெருங்கும் வேளையில், "அப்பா!" என்று ஒரு குழந்தையின் குரல் பின்னாலிருந்து எழுந்தது. கூட்டத்தில் எவருடைய பிள்ளையோ வழி தவறிவிட்டது என்றெண்ணித் திரும்பினேன். அயல்நாட்டு இளைஞர் ஒருவர் குனிந்து தம் சிறு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். எந்நாட்டினர் என வினவினேன். கொரியர் என்றார். தந்தையை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றும் அழைப்பது அவர்கள் வழக்கமாம்.

என் நெஞ்சு பூரித்தது. மறுநாள் வகுப்பிலே, கொரிய மொழி தமிழ் ஈன்ற மகளே என்று முழங்கிவிட்டேன். மாணவர்கள் கைதட்டினர். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் எழுந்து, "ஐயா, ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வரலாறு கற்பிக்கிறவன் தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போல உரைத்துவிட்டேனே என்ற நாணம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதன் பிறகே நூல்களைப் புரட்டலானேன்.

இவ்வெண்ணம் எனக்கு முன்னரே பலருக்குத் தோன்றியிருக்கிறது. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1874-இல் தாலே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், கொரிய இலக்கணம் திராவிட இலக்கணத்தை ஒத்திருப்பதைச் சுட்டினார். கொரியாவில் ஆசிரியராயிருந்த அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், 1905-இல் அவ்விரண்டையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். 'நான்' என்பதற்குக் கொரியர் 'நா' என்பர். 'நாள்' அவர்களுக்கும் 'நால்'. 'புல்' அவர்களுக்கும் ஏறத்தாழப் 'புல்'தான். கேட்போர் மயங்காதிருக்க முடியுமா?

ஆனால் அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான்: ஹானா, தூல், செத், நெத், தாசொத். ஐந்துவரை எண்ணிவிட்டேன், நம் எண்களின் சாயல் எங்கே? ஒரு குடும்பத்து மொழிகள் எனின், தெலுங்கும் கன்னடமும் தமிழோடு ஒத்திருப்பதுபோல எண்ணுப்பெயர்கள் ஒத்திருத்தல் வேண்டும். ஒலி மாற்றங்களும் ஓர் ஒழுங்கில் அமைதல் வேண்டும். அப்பா, அம்மா என்பனவோ குழந்தை இதழ்களை மூடித் திறந்த அளவில் பிறக்கும் ஒலிகள்; உலகின் பல மொழிகளில் அவை உண்டு. வினை இறுதியில் நிற்றலும் உருபுகள் சொல்லின் பின்னே ஒட்டுதலும் ஜப்பானிய மொழிக்கும் துருக்கிய மொழிக்கும்கூட இயல்பே. ஆதலால் ஹல்பர்ட்டின் கொள்கையை மொழியறிஞர் பெரும்பாலோர் இன்று ஏற்பதில்லை.

இனி, அந்த அரசியின் கதை. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யுசா' என்ற நூலில், கி.பி. 48-இல் 'அயுதா' நாட்டு இளவரசி ஒருத்தி கப்பலேறி வந்து காயா நாட்டு மன்னன் சுரோவை மணந்தாள் என்று காண்கிறோம். அயுதா என்பது அயோத்தியே என்று கொண்டு அந்நகரில் 2001-இல் ஒரு நினைவிடம் அமைத்தனர். கிம்ஹே நகரில் அம்மன்னனின் கல்லறை வாயிலில் இரட்டை மீன் உருவம் இருப்பதால், இளவரசி பாண்டி நாட்டவளே என்பர் நம்மவர் சிலர். இரட்டை மீன் உத்தரப் பிரதேச அரசின் முத்திரையிலும் உண்டு! நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

அப்படியாயின் ஒற்றுமை ஏதுமில்லையா? உண்டு, நான் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவே. நம் ககரம் சொல்லின் முதலில் வல்லொலியாகவும் இடையில் மெல்ல நெகிழ்ந்தும் ஒலிக்கும்; 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள். கொரியரின் ககரமும் அவ்வாறே. இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் 'கோகி' என்பதைத் தமிழில் எழுதினால், கற்பிப்பார் இன்றியே நீங்கள் சரியாகப் படித்துவிடுவீர்கள். 'பாக்கு' என்னும்போது இதழ் குவியாமல் ஒலிக்கிறதே, நம் குற்றியலுகரம், அதனை ஒத்த உயிரொலிக்கு அவர்களிடம் தனி எழுத்தே இருக்கிறது: படுத்துக் கிடக்கும் ஒற்றைக் கோடு.

அவ்வெழுத்துகள் பிறந்த வரலாறு வியப்பானது. செஜோங் என்னும் மன்னர் 1443-இல் அவற்றை உருவாக்கி 1446-இல் வெளியிட்டார். சீன எழுத்தைக் கற்க இயலாத எளிய குடிகளும் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம். சீன எழுத்தைக் கைவிடுவது நாகரிகமற்றோர் செயல் என்று சோ மல்லி முதலிய அறிஞர்கள் 1444-இல் முறையிட்டனர், மன்னர் பணியவில்லை. ஒலிகள் நாவிலும் இதழிலும் மிடற்றிலும் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்குகிறார் அன்றோ? செஜோங் அந்த உறுப்புகளையே எழுத்தாக வரைந்தார். நாவடி தொண்டையை அடைக்கும் வடிவம் ககரம். நாநுனி மேலே தொடும் வடிவம் நகரம். வாயின் வடிவம் மகரம். 28 எழுத்துகளில் 24 இன்றும் வழங்குகின்றன.

அவர் ஆண்ட சியோல் 1394-இல் தலைநகராயிற்று. அரண்மனைக்குப் பின்னே மலை நிற்கிறது; நம் ஊர்க் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஹான் ஆற்றின் இரு கரையிலும் இன்று தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்நகரில் நிலத்தடி ரயில் 1974-இல் ஓடத் தொடங்கியது.

உணவிலோ நமக்கும் அவர்களுக்கும் அணுக்கம் மிகுதி. சோறு 'பாப்'; சந்தித்தவுடன் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது அவர்கள் மரபுமாகும். குளிர்காலத்துக்குமுன் குடும்பமே கூடி முட்டைக்கோசை உப்பிலிட்டு 'கிம்ச்சி' செய்து மண்சாடிகளில் சேமிப்பர். சிவந்த அதன் காரம் பழமையானதன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வழியே நம் நாட்டை அடைந்ததுபோலப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே கொரியாவை எட்டியது.

இருவரும் நேரில் கண்டுகொண்ட நாள்களும் உண்டு. கொரியப் போருக்கு இந்தியா படையனுப்பவில்லை, மருத்துவரை அனுப்பியது. 1950-இல் சென்ற 60-ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் என்ற தமிழர். அவ்வாண்டு டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து யாவரும் பின்வாங்கியபோது, மருந்துப் பொருள்களை விட்டுவர மனமில்லாத அப்பிரிவினர், ஒரு பழைய ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகக் கொதிகலனில் நீரூற்றி, தாமே ஓட்டிக்கொண்டு தெற்கே தப்பினர். 1996-இல் இந்தியாவில் தொடங்கிய ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்தபின், கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வந்து தங்கலாயின.

இத்தனையும் அறிந்தபின் அதே வகுப்புக்குச் சென்றேன். முன்பு சொன்னது பிழை என்று கூறி, கரும்பலகையில் ஹானா முதல் தாசொத் வரை எழுதினேன். இம்முறை கைதட்டல் எழவில்லை. கடைசி வரிசை மாணவி மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "ஆறு, ஐயா?" என்றாள். "யொசொத்" என்றேன்.