பதினாறாம் நாள் பந்தலும் நவம்பர் 2 கல்லறையும்

தூத்துக்குடியில் சிநேகிதரைக் கூட்டாளி என்போம். அப்பா, தோணி ஏஜென்ட் ஆபீசில் கணக்குப்பிள்ளை. அவருடைய கூட்டாளி திரேஸ்புரத்துத் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர். முப்பது வருஷம் இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. கிறிஸ்துமஸ் பலகாரம் இங்கே வரும், பொங்கல் கரும்பு அங்கே போகும். பிள்ளைகள் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனதும் அது நின்றுபோனது. இரண்டு சாவுகள்தான் எங்களை மறுபடி சேர்த்தன. ஒன்று பந்தலில், மற்றது கல்லறையில். கூட்டாளி வீட்டாருக்கு எது இடம் கொடுத்தது என்பதே என் கேள்வி.

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பத்திரிகை அடித்தோம். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போனது. தண்டலுக்குப் போகவில்லை. மார்க்கெட் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டுத் தானாக வந்தார். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் துண்டு கட்டும் உருமால் கட்டுக்கு மாமன் வீட்டாரைக் கூப்பிட்டார்கள், சம்பந்தி வீட்டாரைக் கூப்பிட்டார்கள், மருமக்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு துண்டு, ஒரு வரிசை. கூட்டாளிக்கு என்று ஒரு முறை எங்கள் சடங்கில் இல்லை. சாப்பாட்டுப் பந்தி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கடைசி வரிசையில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. உள்ளே மடிப்புக் கலையாத புதுத் துண்டு. எப்போது எழுந்து, யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் துண்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து அவர் போன சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அடக்கத்துக்குப் போக முடியவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று போனேன். வெள்ளையடித்த கல்லறைகள், செவ்வந்தி மாலை, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி. கடற்காற்று திரியை நிற்க விடாது. மண்ணில் சின்னக் குழி பறித்து அதற்குள் ஏற்றியிருந்தார்கள். தண்டலின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யய்யா, நீ கணக்குப்பிள்ளை மவன்லா?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஒரு மெழுகுவர்த்தியை என் கையில் திணித்தார். நான் என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை. மும்பையிலிருந்து வந்திருந்த மூத்த மகன் இரண்டு கையையும் குவித்து என் திரிக்குக் காற்று மறைத்தான். சாமியார் மந்திரித்துவிட்டுப் போனபிறகும் இருட்டும்வரை அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த வித்தியாசம் மனிதர்களின் நல்லது கெட்டதால் வந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு ஏற்பாடுகளும் வேறு. பதினாறு என்பது வீட்டின் பொறுப்பு கைமாறும் நாள். உறவுகள் தத்தம் இடத்தைத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் சபை. அழைப்பு வேண்டும், ஒரே முறைதான், தவறினால் தவறியதுதான். அஸ்தியைக் கடலிலோ தாமிரபரணியிலோ கரைத்துவிடுகிறோம். பிறகு வருகிறவர் போய் நிற்க ஓர் இடமில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தேதி உண்டு, ஆனால் அன்று எள்ளும் நீரும் விடுவது பெரும்பாலும் பிள்ளைதான். மகாளய பட்சத் தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் என்று இறந்த நண்பருக்கும் நீர் விடுகிற வழக்கம் இருப்பது உண்மை, அருமையான ஏற்பாடு. ஆனால் இறந்தவரின் நண்பர், உயிரோடு வாசலில் வந்து நிற்கிறவர், அதில் எங்கே?

கல்லறைத் திருநாளுக்குப் பத்திரிகை வேண்டாம். தேதி ஊருக்கே தெரியும். கப்பல் வேலையில் இருப்பவன்கூடப் பத்து வருஷம் கழித்து அந்த மாலையில் வந்து நிற்கலாம். இத்தனைக்கும் கடற்கரையில் சொந்தத்தின் பிடி ஒன்றும் குறைவில்லை. 1961-ல் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில் இளவட்டமாகத் தோணியில் இருந்தவர் தண்டல். முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், தங்கச்சி தாலி அறுக்க விடமாட்டான் என்று அவரே சொல்வார். அப்படிப்பட்ட கரையிலும் கல்லறைக்கு முன்னால் அந்நியன் கைக்கு மெழுகுவர்த்தி வருகிறது.

பந்தலுக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. இலை போட்டு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து அனுப்புகிறது. கல்லறையில் அந்த நிதானம் கிடையாது. ஆனால் பழைய கூட்டாளி வீட்டாரைத் திரும்பச் சேர்ப்பதில் கல்லறைத் திருநாளே மேல். இதை என் வீட்டுச் சடங்கைக் குறை சொல்லவென்று எழுதவில்லை. அதில் ஓர் இடம் கூட்டவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பதினாறு வந்தால், பத்திரிகை அடிக்குமுன் போனவரின் செல்போனை எடுத்து அதிலுள்ள எண்களுக்கெல்லாம் ஒருமுறை பேசுங்கள். உருமால் கட்டு முடிந்ததும், “கூட்டாளிமார் வாங்க” என்று ஒரு குரல் கொடுங்கள்.