யாருடைய வக்கீல்?

உங்களில் வக்கீல்கள் நிறையப் பேர் ஆகிவிட்டீர்கள். அதனால் இன்று உங்கள் தொழில் பற்றிய ஒரு பழைய கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1916 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன், பாஸ்டன் வக்கீல் லூயிஸ் பிராண்டைஸின் பெயரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். அந்த நாற்காலியில் அதுவரை யூதர் ஒருவரும் அமர்ந்ததில்லை. ரயில்வே முதலாளிகளோடு மோதியவர், பொதுநல வழக்குகளுக்கு ஃபீஸ் வாங்காதவர். எதிர்ப்புக்குக் கேட்கவா வேண்டும்? முன்னாள் ஜனாதிபதி டாஃப்ட் உட்பட வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் ஏழு பேர், இவர் தகுதியற்றவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். செனட் குழு சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தது.

யூத வெறுப்பும் பணக்காரர்களின் கோபமும்தான் காரணம் என்று பலர் எழுதி முடித்துவிடுவார்கள். அவை இருந்தது உண்மை. ஆனால் லெனக்ஸ் விவகாரத்தை அப்படித் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

லெனக்ஸ் ஒரு தோல் வியாபாரி. 1907இல் கடன் கழுத்தை நெரித்தது. நம் ஊரில் மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அந்த நிலைமை. பிராண்டைஸிடம் யோசனை கேட்கப் போனார். கடன் கொடுத்தவர்களில் ஒரு நிறுவனம் ஏற்கெனவே பிராண்டைஸ் அலுவலகத்தின் கட்சிக்காரர். சொத்தையெல்லாம் தன் கூட்டாளி நட்டரின் பெயரில் எழுதிக் கொடுங்கள், அவர் டிரஸ்டியாக இருந்து எல்லாக் கடன்காரர்களுக்கும் நியாயமாகப் பிரித்துக் கொடுப்பார் என்றார் பிராண்டைஸ். லெனக்ஸும் எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் உறவு கெட்டது. அதே அலுவலகம் லெனக்ஸைத் திவாலானவராக அறிவிக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனது!

லெனக்ஸ் திகைத்துப்போய் விப்பிள் என்ற வேறு வக்கீலைப் பிடித்தார். விப்பிள் நேரே போய், நீங்கள் யாருக்கு வக்கீல் என்று பிராண்டைஸைக் கேட்டார். இந்தச் சூழ்நிலைக்கு வக்கீல் என்று பதில் வந்ததாக விப்பிள் பின்னர் சாட்சி சொன்னார். பிராண்டைஸ் நேர்மை தவறியதாக அவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர் பொது ஆளாக உட்காரலாம். அவர் யார் பக்கமும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடனில் மூழ்கியவன் வக்கீல் வீட்டுப் படியேறும்போது இவர் நம் ஆள் என்று நினைத்துத்தானே வாய் திறக்கிறான்? பிராண்டைஸ் பொய் சொல்லவில்லை, பணத்தை மறைக்கவில்லை. லெனக்ஸின் அந்த நினைப்பை மட்டும் அவருக்குப் புரியும்படி திருத்தவில்லை. அதுவே பெரிய குறை என்பேன்.

வாரன் குடும்பத்துக் காகித ஆலை வழக்கிலும் இதே வாசனைதான். பிராண்டைஸ் அமைத்துக் கொடுத்த டிரஸ்டில், குத்தகைக்கு விடும் டிரஸ்டிகளில் ஒருவரும் குத்தகைக்கு எடுப்பவர்களில் ஒருவரும் அவர் நண்பர் சாம் வாரனே. தம்பி நெட் 1909இல் வழக்குப் போட்டார். குடும்பமே உடைந்தது.

ஜூன் 1ஆம் தேதி செனட் 47க்கு 22 என்று பிராண்டைஸை ஏற்றது. 1939 வரை அருமையான நீதிபதியாக இருந்தார். விப்பிளின் கேள்விக்கு ஓட்டெடுப்பில் பதில் கிடைக்கவில்லை.

ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று நம் பார் கவுன்சில் விதி 33 சொல்கிறது. கறுப்பு கோட் போட்ட பிள்ளைகளே, லெனக்ஸ் முதல்நாள் உங்கள் அறைக்கு வந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.